அமர்த்தலாம் என்பதும் அமர்த்துக என்பதும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தமிழர் நாவில் பழகிய பழமொழி. சுரைக்காய்க்கு மட்டுமன்று, சட்டத்துக்கும் அது பொருந்தும். குழந்தைகளை வேலைக்கு வைத்தல் குற்றம் என்று தாளில் எழுதி, கையொப்பமிட்டு, அரசிதழில் அச்சிட்டுவிட்டால், எந்தக் குழந்தையின் கையிலிருந்தும் எந்தக் கருவியும் தானே கீழே விழுந்துவிடுவதில்லை. சட்டத்துக்குக் கால் இல்லை. ஆலை வாயிலுக்கு அது நடந்து போகாது. சட்டத்துக்குக் கண் இல்லை. பின்கட்டில் ஒளித்து வைக்கப்பட்ட குழந்தையை அது காணாது. அரசு ஊதியம் கொடுத்து அமர்த்தும் ஆட்களே சட்டத்தின் காலும் கண்ணும் ஆவர். ஆகவே, குழந்தைகளைக் காக்கப் புறப்படும் எந்தச் சட்டத்தைக் கண்டாலும் முதலில் கேட்கத்தக்க வினா ஒன்றே: இச்சட்டம் எத்தனை பேரை அமர்த்துகிறது?

இந்தியாவில் இற்றைநாள் நடப்பிலுள்ள குழந்தை உழைப்புச் சட்டம் 1986-ஆம் ஆண்டினது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அதன் 17-ஆம் பிரிவின் கருத்தைத் தமிழில் சொன்னால், உரிய அரசு ஆய்வாளர்களை ‘அமர்த்தலாம்’ என்றாகும். அமர்த்துக என்று அஃது ஏவவில்லை. அமர்த்தல் வேண்டும் என்று கட்டளையிடவுமில்லை. எத்தனை பேர், எந்த ஊதியத்தில், எத்துணைப் பரப்புக்கு ஒருவர் என்னும் கணக்கு எதுவும் அப்பிரிவில் இல்லை. ‘லாம்’ என்னும் ஓர் ஈற்றில் கோடிக்கணக்கான குழந்தைகளின் வாழ்வு தொங்குகிறது. சொல்லின் ஈறு பொருளை எப்படிப் புரட்டும் என்பதைத் தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. அது வாழ்வையும் புரட்டும் என்பதற்கு வரலாறு சான்று பகர்கின்றது.

தாளில் உறங்கிய 31 ஆண்டுகள்

பொறித்தொழில் முதன்முதல் பெருகிய நாடு இங்கிலாந்து. குழந்தைகளைப் பொறிக்கு இரையாக்கியதிலும் அதுவே முந்தி நின்றது. அறுந்த நூலை முடிந்துவிடச் சிறிய விரல்கள் வேண்டியிருந்தன. ஓடும் பொறிக்கு அடியில் புகுந்து பஞ்சுக் கழிவை வாரிவரச் சிறிய உடல்கள் வேண்டியிருந்தன. தாய்தந்தையற்ற ஏழைக் குழந்தைகளை ஊர்ப் பொறுப்பாளர்கள், தொழில் பழகுவோர் என்னும் பெயரால், தொலைவிலுள்ள ஆலைகளுக்கு அனுப்பினர். அக்குழந்தைகள் ஆலையை ஒட்டிய விடுதிகளிலேயே உண்டனர், உறங்கினர், நோயுற்றனர்.

இக்கொடுமையைத் தடுக்க 1802-இல் முதற்சட்டம் வந்தது. அதனைக் கொணர்ந்த இராபர்ட்டு பீல் தாமே ஓர் ஆலை முதலாளி. தொழில் பழகும் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரமே வேலை என்று அச்சட்டம் வரம்பு கட்டியது. ஆனால், அதனைக் காப்போர் யாவர்? வட்டார நடுவர்கள் கூடித் தம்முள் ஒருவரையும் சமயப் பணியாளர் ஒருவரையும் பார்வையாளராகக் குறிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. நடுவரும் ஆலை முதலாளியும் ஒரே ஊரினர். ஒரே பந்தியில் உண்போர். நண்பன் வீட்டை நண்பன் ஆய்வு செய்தால் என்ன விளையுமோ அதுவே விளைந்தது. 1819-இல் வந்த மற்றொரு சட்டம், 9 அகவை நிரம்பாத குழந்தைகளைப் பஞ்சாலையில் வைக்கலாகாது என்றது. அதுவும் தாளிலேயே உறங்கியது. 1802-க்கும் 1833-க்கும் இடையில் ஐந்து சட்டங்களை இயற்றிய நாடாளுமன்றம், அவற்றை நடத்துவதற்கு வேண்டிய அலுவலர்க்கென ஒரு காசும் ஒதுக்காத சூழ்ச்சியைக் கார்ல் மார்க்சு தம் ‘மூலதனம்’ நூலில் எள்ளி நகையாடுகின்றார். அந்நகைப்பில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. குழந்தைக்கு இரங்குவதாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டும், முதலாளிக்கு இடர் நேராமலும் இருக்க வேண்டும் என்று எண்ணும் அரசுக்கு, ஆளில்லாச் சட்டத்தைப் போல் வாய்ப்பான கருவி வேறில்லை.

நால்வர் வந்தனர்

1833 ஆகசுட்டு 28-இல் பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் அரசரின் ஒப்புதல் பெற்றது. கிழக்கிந்தியக் கும்பணியின் ஆட்சிப் பரப்பும் இலங்கையும் அதனின்று விலக்கப்பட்டன என்பதைத் தமிழர் மறத்தற்கில்லை. மறுநாள், ஆகசுட்டு 29-இல், தொழிற்சாலைச் சட்டம் ஒப்புதல் பெற்றது. 9 அகவைக்குட்பட்டோர்க்குத் தடை. 13 அகவைக்குட்பட்டோர்க்குக் கிழமைக்கு 48 மணி நேரம். 18 அகவைக்குட்பட்டோர்க்கு இரவு வேலை இல்லை. குழந்தைகளுக்கு நாள்தோறும் 2 மணி நேரம் பள்ளி என்பன அதன் கூறுகள். பட்டாலைகளுக்கு மட்டும் அகவைத் தடையில் விலக்குத் தரப்பட்டது.

இவ்விதிகளைக் காட்டிலும் பெரிய புதுமை ஒன்று அச்சட்டத்தில் இருந்தது. நான்கு ஆய்வாளர்கள் என்று அஃது எண்ணைக் குறித்தது. ஆலை ஓடுகின்ற எந்த நேரத்திலும், பகலாயினும் இரவாயினும், உள்ளே நுழையும் அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுத்தது. ஆண்டுக்கு 1,000 பவுண்டு ஊதியம் கொடுத்து, முதலாளியின் தயவை எதிர்பாராத நிலையில் அவர்களை வைத்தது. கண்டதை அவர்கள் உள்துறை அமைச்சர்க்கு எழுத்தில் அறிக்கையிட வேண்டும் என்றது.

ஏறத்தாழ 3,000 ஆலைகளுக்கு நால்வர்! கடலைக் கரண்டியால் இறைத்த கதைதான். ஆயினும் கரண்டி பிடித்த கை ஒன்று முதன்முறையாக அங்கே இருந்தது. அந்நால்வருள் ஒருவரான இலியோனார்டு ஆர்னர் மண்ணியல் அறிஞர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் முதற் காப்பாளராக இருந்தவர். 1859 வரை அவர் அப்பணியில் இருந்தார். ஆலை முதலாளிகள் அவரை வெறுத்தனர். அவருடைய அறிக்கைகள் அச்சேறின, நாடாளுமன்றத்தில் படிக்கப்பட்டன, பின்னாளில் மார்க்சின் நூலுக்குச் சான்றுகளாயின. ஓர் அரசு அலுவலர் நேர்மையாக எழுதிவைத்த குறிப்பு ஒரு பேரியக்கத்துக்கே படைக்கலமாக முடியும் என்பதற்கு ஆர்னர் எடுத்துக்காட்டு.

ஆள் போனதனால்தான் சட்டத்தின் ஓட்டைகளும் கண்ணுக்குத் தெரிந்தன. இங்கிலாந்தில் பிறப்பைப் பதியும் முறையே 1837-இல்தான் நடப்புக்கு வந்தது. அதுவரை, ஒரு குழந்தையின் தோற்றத்தைப் பார்த்து மருத்துவர் அகவைச் சான்று கொடுத்தார். ஏழை வீட்டுக் குழந்தையின் அகவையைப் பெற்றோரும் கூட்டிச் சொல்வர். முதலாளியும் கூட்டிச் சொல்வார். பல்லைப் பார்த்து அகவையறியும் வழியைப் பற்றி எட்வின் சாண்டர்சு என்னும் பல் மருத்துவர் 1837-இல் ஒரு நூலே எழுத வேண்டியதாயிற்று. பள்ளிச் சான்றிதழ்களோ அதனினும் கேடு. தம் பெயரையே எழுதத் தெரியாதவர் ஆசிரியராக அமர்ந்து கீறலிட்டுச் சான்று கொடுத்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். ஆசிரியர் தம் கைப்படவே நிரப்பித் தம் பெயரை முழுமையாக எழுத வேண்டும் என்று 1844-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது அதனால்தான். அதே 1844-ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்க அகவையை 9-லிருந்து 8-ஆகக் குறைத்தது என்பதையும் மறைத்தல் கூடாது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது அரசுகளின் பழக்கம். எனினும், ஆய்வாளர் எண்ணிக்கை வளர்ந்தது. 1868-இல் துணை ஆய்வாளர் உட்பட 35 பேர் இருந்தனர். 1893-இல் மே ஆபிரகாம், மேரி பேட்டர்சன் என்னும் பெண்மணியர் இருவர் முதற் பெண் ஆய்வாளர்களாக அமர்த்தப்பட்டனர். சட்டம் மெல்ல மெல்லத் தாளைவிட்டு எழுந்து நடந்தது.

இங்கே வந்த சட்டமும் வராத ஆளும்

தன் நாட்டில் இப்பாடத்தைக் கற்ற அதே அரசு, தான் ஆண்ட இந்தியாவுக்கு அதனைக் கொண்டுவந்ததா? 1881-இல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. இங்குள்ள ஆலைகளின் போட்டியைக் கண்டு பொறாமை கொண்ட இலங்காசயர் ஆலை முதலாளிகளின் அழுத்தமும் அதன் பின்னால் இருந்தது. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆங்கிலக் குழந்தைக்குத் தொடக்க அகவை 10 ஆகியிருந்தது. இந்தியக் குழந்தைக்கோ அது 7. அதுவும் 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் பொறியாலைகளுக்கே! ஆங்கிலத் தாயின் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு மூன்றாண்டு கூடுதலாக விளையாடும் உரிமை உண்டு என்பது வல்லாண்மையின் கணக்கு.

1931-இல் அறிக்கை தந்த தொழிலாளர் ஆணைக்குழு, பெற்றோர் வாங்கிய கடனுக்குக் குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தை வெளிப்படுத்தியது. அமிர்தசரசுக் கம்பளத் தொழிலிலும் சென்னைப் பீடித் தொழிலிலும் அவ்வழக்கம் இருந்தது. அதன் விளைவாக 1933-இல் குழந்தை உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. ஆறே பிரிவுகள். பெற்றோர்க்கு 50 உருபா வரை தண்டம். முதலாளிக்கு 200 உருபா வரை தண்டம். ஆய்வாளர் என்னும் சொல்லே அச்சட்டத்தில் இல்லை. பீடிக் கொட்டகைக்குள் சென்று பார்ப்பார் ஒருவரும் இல்லாதபோது, தண்டம் 200 உருபாவாயினும் இரண்டாயிரமாயினும் ஒன்றே. இங்கிலாந்தில் 1802-இல் செய்த பிழையை, 131 ஆண்டுகள் கழித்து, வேண்டுமென்றே இங்கே செய்தனர்.

1938-ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, வெடிமருந்து, பட்டாசு முதலிய பட்டறைகளில் 12 அகவைக்குட்பட்டோரைத் தடுத்தது. ஆனால், குடும்பத்தார் மட்டுமே உழைக்கும் பட்டறைக்கு விலக்களித்தது. அவ்விலக்கு ஒரு கதவு. பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்குப் போயிற்று. குழந்தையும் அதனுடன் போயிற்று. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிஞ்சு விரல்கள் பசையிலும் மருந்திலும் தோய்ந்தன. விடுதலைக்குப்பின் வந்த அரசமைப்பின் 24-ஆம் கூறு, 14 அகவைக்குட்பட்ட எவரையும் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ இடர்மிகு வேலையிலோ அமர்த்தலாகாது என்று முழங்கியது. முழக்கம் தில்லியில், மருந்துத் தூள் சிவகாசியில்.

சிவகாசிக் குழந்தைகள் பொருட்டு நடந்த வழக்கில் 1996 திசம்பர் 10-இல் இந்திய உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. இடர்மிகு வேலையில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 உருபா செலுத்த வேண்டும். அக்குடும்பத்தில் வளர்ந்த ஒருவர்க்கு அரசு வேலை தேடித்தர வேண்டும், இயலாதாயின் 5,000 உருபா செலுத்த வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால், இதனை நடத்திவைப்பவர் யாவர் என்னும் இடத்தில் தீர்ப்பும் 17-ஆம் பிரிவின் ஆய்வாளரையே சுட்டியது. மீண்டும் அதே ‘லாம்’.

2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. 14 அகவைக்குட்பட்டோர்க்கு எல்லாத் தொழிலிலும் தடை வந்தது. காலமுறை ஆய்வு செய்தல் வேண்டும் என்னும் கட்டளையும் வந்தது. ஆனால், ஆய்வு செய்வோரின் எண்ணிக்கை வரவில்லை. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்னும் பழைய கதவும் அடைபடவில்லை. தமிழ்நாட்டில் இப்பணியைச் செய்ய வேண்டிய தொழிலாளர் துறை அலுவலரே கடைத் தராசையும் எடைக்கல்லையும் ஆய்கிறார். குறைந்த அளவு ஊதியத்தையும் கண்காணிக்கிறார். கடைகளின் விடுமுறையையும் பார்க்கிறார். இத்தனைக்கும் இடையே ஒளித்து வைக்கப்பட்ட குழந்தையை அவர் எப்போது தேடுவார்?

2020-இல் வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ, ஆய்வாளர் என்னும் பெயரையே மாற்றி, ஆய்வாளரும் உதவுநரும் ஆனவர் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஓர் இரட்டைப் பெயரைச் சூட்டியது. சொல் மாறினால் பொருள் மாறும் என்பது மொழியறிந்தார் அறிந்தது. காவல் நாய்க்கு விருந்தோம்பும் பணியும் சேர்த்துக் கொடுத்தால், அது திருடனைக் கண்டு குரைக்குமா, வாலாட்டுமா?

மறுப்புகளுக்கு விடை

ஆட்களைக் கூட்டினால் கையூட்டுத்தான் கூடும் என்பர் சிலர். கையூட்டு வாங்கும் அலுவலர் உண்டு என்பது உண்மையே. அதற்கு மருந்து அலுவலரே இல்லாமற் செய்வதன்று. நோயாளிகளைச் சுரண்டும் மருத்துவர் இருக்கிறார் என்பதற்காக மருத்துவமனையை மூடுவார் உண்டோ? ஆர்னர்க்குத் தரப்பட்ட ஏற்பாடே இதற்கு விடை: போதிய ஊதியம், முதலாளியின் தயவு வேண்டாத நிலை, அச்சிட்டு எல்லாரும் படிக்கத்தக்க அறிக்கை. மறைவில்தான் கையூட்டு வளரும். அச்சேறிய அறிக்கையின் வெளிச்சத்தில் அது வாடும்.

வறுமை இருக்கும்வரை குழந்தை உழைப்பு இருக்கும், ஆய்வாளர் என்ன செய்வார் என்பர் வேறு சிலர். இம்மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. குழந்தையைப் பட்டறையிலிருந்து பிடுங்கிவிட்டுச் சோறு போடாமல் விட்டால், அது வேறொரு பட்டறைக்கோ வீட்டுத் திண்ணைக்கோ போகும். ஆனால், அதற்கும் விடை ஆளமர்த்துவதே. தமிழ்நாடு அதனைச் செய்து காட்டியிருக்கிறது. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் பகலுணவு தொடங்கியது. 1982 சூலை 1-இல் எம்.சி.இராமச்சந்திரன் ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தபோது, நடுவம் ஒன்றுக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆட்கள் அமர்த்தப்பட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அடுப்படியில் நின்ற அந்த ஏழைப் பெண்களைக் குழந்தைக் காவலர் என்று எவரும் அழைக்கவில்லை. ஆனால், பட்டறை வாயிலுக்குப் போகவிருந்த எத்தனையோ குழந்தைகளைப் பள்ளி வாயிலுக்கு இழுத்தது அவர்கள் வடித்த சோறு. ஆய்வாளர் குழந்தையை வெளியே கொணர்வார். ஆசிரியரும் சமையலரும் அதனைத் திரும்பிப் போகாமல் காப்பர். இருவகை ஆட்களும் வேண்டும். அவ்விருவர்க்கும் முறையான ஊதியமும் வேண்டும். குழந்தையைச் சுரண்டாமல் காக்கும் பணியாளரையே அரசு சுரண்டுதல் அறமன்று.

இன்னும் ஒன்று. ஆய்வாளர்க்குக் குழந்தையின் மொழி தெரிந்திருக்க வேண்டும். அஞ்சி நடுங்கும் சிறுமி தன் துன்பத்தைத் தாய்மொழியில்தான் சொல்வாள். அவள் சொல்லாததை ஆங்கிலத்தில் எழுதி, அவள் படிக்க இயலாத தாளில் அவள் கைந்நாட்டைப் பெறுவது சான்றாகாது. இந்நெறி தமிழ்க் குழந்தைக்கு மட்டும் உரியதன்று. பிழைப்புத் தேடி வடபுலத்திலிருந்து திருப்பூர்க்கும் கோவைக்கும் வந்த குடும்பத்துப் பிள்ளையிடம் அப்பிள்ளையின் மொழியிலேயே பேசத் தெரிந்தவரும் அமர்த்தப்பட வேண்டும். தாய்மொழி உரிமை தனக்கு மட்டும் வேண்டும் என்பவன் அவ்வுரிமையை அறியாதவன்.

கேட்க வேண்டியது

நூற்பாலைகளில், ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் இனிப்புப் பூசிய பெயரால், திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதிகளில் அடைத்து வேலை வாங்கியதை நாடறியும். ஆலையை ஒட்டிய விடுதி, வெளியே போக இசைவு இல்லை, கணக்கு இறுதியில்தான். இங்கிலாந்தின் 1802-ஆம் ஆண்டு, வைகைக்கும் நொய்யலுக்கும் இடையே வேறு பெயரில் மறுபிறப்பெடுத்தது. விடுதிக் கதவுக்கு உள்ளிருக்கும் பெண் ஆய்வாளரைத் தேடி வரமாட்டாள். ஆய்வாளர்தான் அவளைத் தேடிப் போக வேண்டும். பெண் ஆய்வாளராக, இரவிலும், முன்னறிவிப்பு இன்றியும் போக வேண்டும். முன்னறிவியாமல் எந்த நேரத்திலும் நுழையும் அதிகாரமும், போதிய எண்ணிக்கையும் ஆய்வாளர்க்கு வேண்டும் என்னும் 1947-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 1949-இலேயே ஏற்றுக் கையொப்பமிட்டிருக்கிறது. புதிதாக எவரும் எதையும் கேட்கவில்லை. கொடுத்த சொல்லைக் காக்கவே கேட்கின்றனர்.

எனவே, தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் முன் வைக்கத்தக்க வேண்டுகைகள் நான்கு. ஆய்வாளர் எத்தனை பேர் என்பது சட்டத்திலேயே எண்ணால் குறிக்கப்பட வேண்டும். அவர்க்குத் தராசும் எடைக்கல்லும் வேண்டா. குழந்தைகளைக் காப்பது ஒன்றே அவர் பணியாக வேண்டும். அவருள் பாதிப்பேர் பெண்களாகவும், அனைவரும் குழந்தையின் மொழியறிந்தவராகவும் இருத்தல் வேண்டும். அவர்கள் கண்டது ஆண்டுதோறும் தமிழில் அச்சிடப்பட்டு மக்கள் கைக்கு வர வேண்டும்.

குழந்தைக்காகக் கண்ணீர் வடிக்கும் ஆட்சியாளர்க்குக் குறைவில்லை. கண்ணீரின் அளவை எவரும் கணக்கிட வேண்டா. வரவு செலவுத் திட்டத்தில் எத்தனை பணியிடம் என்பதை மட்டும் எண்ணிப் பார்த்தல் போதும். அமர்த்தலாம் என்பது அரசின் விருப்பம். அமர்த்துக என்பது குழந்தையின் உரிமை. முன்னது 31 ஆண்டுகள் இங்கிலாந்தில் உறங்கியது. இந்தியாவில் இன்னும் உறங்குகிறது. அவ்வுறக்கத்தைக் கலைக்க மக்களின் குரல் எழுக! ‘லாம்’ ஒழிக! ஆட்களை அமர்த்துக!